பின்சீட்டின் ஓரம்

"நான் உக்காந்தா வண்டி ஏன் நிக்கல? அதைச் சொல்லு முதல்ல. என்னைப் பஞ்சுலயா செஞ்சு வச்சிருக்கு?"

"அக்கா, உள்ள போ. தெருவே பாக்குது."

"பாக்கட்டும். பாக்குறவங்களே சொல்லட்டும். உன் பின்னாடி உக்காந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போகலயா, மார்க்கெட்டுக்குப் போகலயா? ஒரு தடவை நின்னிருக்கா? இவ ஏறினா மட்டும் அந்த எஞ்சினுக்கு விக்கல் வந்துடுது."

தெரு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பார்க்காமலிருக்க முடியாத இடத்தில் அந்த வீட்டைக் கட்டி வைத்திருந்தால் தெரு என்ன செய்யும்? வளைவில், எதிர் மாடிகள் அத்தனைக்கும் முகம் காட்டிக்கொண்டு நிற்கிற வீடு. வாசலில் மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றவனுக்குத் தண்ணீர் மீட்டர் குறிக்கிற வேலை; அதனால் எல்லோருக்கும் அவன் மீட்டர்தான். மருந்துக்கடை முனையில் விக்கிய வண்டியை மறுபடி உதைக்க மனமில்லாமல் அங்கிருந்து தள்ளிக்கொண்டு வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவனுக்குச் சற்றுப் பின்னால், பள்ளிக்கூடச் சீருடைத் துணிக்கட்டை இடுப்பில் இடுக்கியபடி அவன் மனைவி, தையல்காரி. கேட்டில் கை ஊன்றி நின்றவள் அவன் அக்கா. புருஷன் எங்கேயோ போய் எவளோடோ இருந்துவிட்ட பிறகு தம்பி வீட்டோடு வந்தவள். அவனுக்கு அக்கா என்பதால் நாளடைவில் தெருவுக்கே அக்கா ஆகிவிட்டாள்.

தையல்காரி பேசவில்லை. அவள் பேசாமலிருப்பது வெறும் மௌனமாக இருந்தால் அக்காவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அது பதில் மாதிரியே இருக்கும், அதுதான் எரிச்சல்.

"வாயத் திறக்குறாளா பாரு. ராசியெல்லாம் வாயத் திறந்து சொல்லாது. வண்டிதான் சொல்லும். போன வருஷம் உனக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் வேலை எவனுக்கோ போச்சு. இந்த வருஷம் வண்டி. கொஞ்ச நாள் அவ அம்மா வீட்டுல போய் இருக்கட்டும்டா. வண்டியும் தேறட்டும், நீயும் தேறு."

மீட்டர் சீட்டில் இல்லாத தூசியைத் தட்டினான். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். 'அதெல்லாம் வேண்டாம்' என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வரும் என்று தையல்காரி காத்திருந்தாள். வண்டியை உள்ளே தள்ளி, ஸ்டாண்ட் போட்டு, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிற வரைக்கும் காத்திருந்தாள். வரவில்லை. கொஞ்ச நாள் என்று அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வந்த கதை அந்தத் தெருவில் அதிகம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

வண்டிக்கு வந்திருந்தது ஒரு விசித்திரமான வியாதி. மீட்டர் தனியாகப் போனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தெருத் தெருவாகச் சுற்றினாலும் ஒரு தும்மல் கிடையாது. மனைவி பின்னால் ஏறினால், கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும். பிறகு திடீரென்று ஒரு விக்கல், ஒரு குலுக்கல், சைலன்சரில் 'டப்' என்று ஒரு வெடி. எஞ்சின் செத்துப்போன மாதிரி இழுவை விட்டுவிடும். மறு நொடி ஒன்றும் நடக்காததுபோல் பிடித்துக்கொள்ளும். சில நாள் வழி முழுக்க இப்படி. சில நாள் ஒன்றுமே இருக்காது. எப்போதும் வந்தாலாவது கையும் களவுமாகப் பிடிக்கலாம். இது ஆள் பார்த்து வந்தது.

மெக்கானிக்கின் பெயர் யாருக்கும் நினைவில்லை. காது என்றால்தான் தெரியும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அந்த நேரத்தில் யாராவது பேசினால் கையை உயர்த்துவார், பெரிய டாக்டர் மாதிரி. பெண்டாட்டி இறந்து சில வருஷங்கள் ஆன மனிதர். பேச்சுக்கு ஆள் இல்லாததால் எஞ்சின்களோடு பேசுகிறார் என்று ஒரு கேலி உண்டு. அவர் பிளக்கை மாற்றினார். காயிலை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார். டேங்க்கில் இருந்த பெட்ரோலைக் கொட்டி வேறு ஊற்றினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு தானே ஏறி ஒரு சுற்று போய்விட்டு வந்து டேங்க்கைத் தட்டிக்கொடுப்பார். "பாடுது தம்பி, வண்டி பாடுது."

மறுநாள் தையல்காரி ஏறினால் பாட்டு நின்றுவிடும்.

கடைசித் தடவை வண்டியைக் கொண்டுவந்து விட்டபோது, கேட்டருகில் நின்று அக்கா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அவர் சொன்னார். "வண்டில ஒண்ணும் இல்ல. கோளாறு வேற எங்கயோ இருக்கு." பெட்ரோல் பங்க்கைச் சொன்னாரோ, ரோட்டைச் சொன்னாரோ. அக்கா அதைத் தனக்கு வேண்டிய அளவில் வெட்டி எடுத்துக்கொண்டாள். "காதே சொல்லிட்டாரு" என்று ஒரு வாரம் தெரு முழுக்க அதுதான் பேச்சு. அக்கா போட்டுக்கொடுக்கிற டீயில் சர்க்கரை கொஞ்சம் அதிகமாகிக்கொண்டு வந்ததையும், வண்டி சரியில்லை என்றால் அவர் கடைக்குக் கொண்டுவரச் சொல்லாமல் வீட்டுக்கே வந்து பார்த்ததையும் எதிர் மாடிகள் கவனித்தன. ஆனால் அன்றைக்குத் தெருவின் கவனமெல்லாம் தையல்காரி மேலே இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு கதையைத்தானே பார்க்க முடியும்?

தையல்காரிக்கு எஞ்சின் தெரியாது. தையல் மெஷின் தெரியும். அவளுடைய பழைய மெஷின் நேர்த் தையலில் ஒரு நாளும் நூல் அறுத்ததில்லை. துணி நாலு மடிப்பாக வருகிற இடத்தில், காலர் திரும்புகிற இடத்தில், டக்கென்று அறுக்கும். ரிப்பேர்காரன் வருவான், ஒற்றைத் துணியை வைத்து ஓட்டுவான், நன்றாகத்தான் இருக்கிறது என்று போய்விடுவான். அவன் போன பிறகு காலரை வைத்தால் அறுக்கும். கோளாறுக்கும் ஒரு விலாசம் உண்டு. அந்த வீட்டுக் கதவைத் தட்டினால்தான் வெளியே வரும். இது அவள் விரல் படித்த பாடம். ஆகவே பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கவனிக்க ஆரம்பித்தாள். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேகத்துக்கும் இல்லை. மருந்துக்கடை ஸ்பீடு பிரேக்கரில் பெரும்பாலும் வரும். பள்ளத்தில் இறங்கினால் வரும். மடியில் துணிக்கட்டு இருந்தால் அதிகமாக வரும். ஒரு நாள் திடீர் மழையில், முகத்தில் சாரல் அடிக்காமலிருக்க முன்னால் நகர்ந்து அவன் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள். அன்றைக்கு வீடு வரை ஒரு விக்கல் இல்லை. அதையும் கவனித்தாள். கவனித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணமான புதிதில் அந்த வண்டியில் இரண்டு பேருக்கும் நடுவே காற்றுப் புக இடம் இருந்ததில்லை. தெரு அதையும் பேசியது, பேசாமல் விடுமா? பிறகு அந்தக் கடை விஷயம் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை வாடகைக்கு இருந்தது. இன்னொரு மெஷின் போட்டு, சீருடைத் தையலை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவள் ஆசைப்பட்டாள். மீட்டரும் கூட வந்து, சுவரை டேப் வைத்து அளந்து, வெட்டுகிற மேஜை எங்கே, மெஷின் எங்கே என்று சாக்பீஸால் தரையில் கோடெல்லாம் போட்டான். அக்கா ஒரு நாள் சாப்பாட்டின்போது, "அப்ப இந்த வீட்டை யாரு பாக்குறதாம்?" என்று மட்டும் கேட்டாள். அவ்வளவுதான். மீட்டர் போய் அறையின் சொந்தக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். மனைவியிடம் சொல்லவில்லை. அவள் துடைப்பத்தோடு அறையைக் கூட்டப் போனபோது, அந்தச் சொந்தக்காரரின் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் தரையில் இருந்த கோடுகளை வேறு யாரோ கழுவியிருந்தார்கள்.

சண்டையெல்லாம் போடவில்லை. அன்றிலிருந்து பின்சீட்டின் கடைசி ஓரத்தில் உட்கார்ந்தாள், ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்க் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. நடுவில் ஒரு பள்ளிக்கூடப் பையைத் தாராளமாக வைக்கலாம். மீட்டர் ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணாடியில் அவனுக்கு அவள் முகம் தெரியாமல்போனது. ரோடு மட்டும் தெரிந்தது. அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

வாசலில் அந்தச் சண்டை நடந்த மறுநாள் வண்டி மறுபடியும் காதின் கடையில் கிடந்தது. மத்தியானம், தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தையல்காரி அங்கே போனாள். ஆள் இல்லாத நேரம் என்று எங்கள் தெருவில் ஒன்று இருப்பதாக அவள் நினைத்ததுதான் தப்பு.

"அண்ணே, நீங்க எப்பவும் தனியாத்தான் ஓட்டிப் பாக்குறீங்க?"

"பின்ன? கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி கூட்டமாவா போவாங்க?"

"பின்னாடி கனம் வச்சு ஓட்டிப் பாருங்க."

"கனம் வச்சா இழுவை குறையும் தங்கச்சி. இந்த மிஸ்ஸிங், விக்கல் எல்லாம் எப்படி வரும்? நான் இதுல முடி நரைச்சவன்."

ஆனாலும் அவள் நகரவில்லை. பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு மணல் மூட்டையை வாங்கி, சீட்டில் கட்டி, முணுமுணுத்துக்கொண்டே ஒரு சுற்று போய்விட்டு வந்தார். இறங்கும்போதே முகத்தில் வெற்றி. "பாடுது."

அவள் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மூட்டை நடுவுல உக்காந்திருக்குண்ணே. நான் அங்க உக்கார மாட்டேன்."

"பின்ன எங்க உக்காருவீங்க?"

அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். சீட் முடிந்து கம்பி தொடங்குகிற இடம். காது அந்த இடத்தைப் பார்த்தார். டேங்க்கிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், "அவ்வளவு தள்ளியா?" என்றார்.

அந்த ஓரத்தில் மூட்டை நிற்கவில்லை. சரிந்து சரிந்து விழுந்தது. தையல்காரி மூட்டையை இறக்கிவிட்டு, தானே ஏறி உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்காதும்மா. யாராவது பாத்தா..."

"என்னை அனுப்பப் போறாங்கண்ணே. இந்தச் சத்தத்துக்காக. அது மட்டும் நல்லாவா இருக்கு? எடுங்க."

எடுத்தார். மருந்துக்கடை ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியதும் விக்கியது. காதுக்கு உடம்பே சிலிர்த்துப்போய்விட்டது. இத்தனை நாள் அவருக்குப் போக்குக் காட்டியது, முதல் தடவையாக அவர் கையில் விக்கியது.

"இருங்க, அசையாதீங்க. ம்... இப்ப கொஞ்சம் முன்னாடி வாங்க."

ஒரு சாண் முன்னால் நகர்ந்தாள். நின்றுவிட்டது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"இப்ப பின்னாடி போங்க."

டப்.

"முன்னாடி."

ஒன்றுமில்லை.

"பின்னாடி."

டப், டப்.

காது வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. அவள் மேல் பழியாக இருந்த ஒன்று, அவள் நகர்ந்தால் வந்து, நகர்ந்தால் போகிற வெறும் சாமான் கோளாறாகக் கையில் அகப்பட்டிருந்தது. நடுரோட்டில், கம்பியைப் பிடித்தபடி, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். தெரு பார்த்தது அந்தச் சிரிப்பை மட்டும்தான். விக்கல் மாடிக்குக் கேட்கிற சத்தம் இல்லை.

கடைக்கு வந்து சீட்டைக் கழற்றினார். பின்பக்கம் சீட்டின் தகரம் உட்காருகிற இடத்தில், இரண்டு பக்கமும் ரப்பர் கட்டை இருக்க வேண்டும். ஒரு பக்கம் இருந்தது. இன்னொரு பக்கம் இல்லை. அந்த ஓரத்தில் கனம் விழும்போதெல்லாம் தகர விளிம்பு கீழே போகிற வயரைக் கடித்திருந்தது. மேலுறை தேய்ந்து, தாமிரம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. இரும்புச் சட்டத்தில் கறுப்பாக ஒரு பொட்டு.

"இந்த வயர் பாடியில தொட்டா சாவியை அணைச்ச மாதிரி. கரண்ட் போயிடும். கனம் எடுத்தா விட்டுடும், திரும்ப வந்துடும்." அவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். "ஒட்டி உக்காந்தா கனம் நடுவுல விழும். இங்க வராது. உங்க நாத்தனார் தம்பி தோளைப் பிடிச்சு ஒட்டித்தான உக்காருவாங்க. அதான் அவங்களுக்கு நிக்கல."

அவள் அந்தக் கறுப்புப் பொட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

காது நட்டும் போல்ட்டும் போட்டிருந்த தகர டப்பாவைக் கவிழ்த்து, தேடவே தேடாமல், ஒரு ரப்பர் கட்டையைப் பொறுக்கினார். தையல்காரி கையை நீட்டி வாங்கிப் பார்த்தாள். அதன் அடியில் ஒரு சிவப்பு ரெக்ஸின் துணுக்கு ஒட்டியிருந்தது, ஓரத்தில் இரட்டைத் தையலோடு. போன மழைக்காலத்தில் அவர்தான் அந்த வண்டிக்குப் பழைய சிவப்பு சீட் கவரைக் கழற்றிக் கறுப்பு போட்டார். தெருவில் வேறு எந்த வண்டிக்கும் சிவப்பு சீட் கிடையாது.

"எங்க சீட்டுதானே இது?"

காது தலையைச் சொறிந்தார். "மாட்டும்போது விட்டிருப்பேன் போல. நடக்குறதுதான் தங்கச்சி. தம்பிகிட்ட நானே சொல்லிடுறேன். நீங்க கவலையே படாதீங்க."

வயருக்கு டேப் சுற்றி, ரப்பரைப் பொருத்தி, சீட்டை மாட்டினார். பிறகு அவளையும் ஏற்றிக்கொண்டு வீட்டு வாசல் வரை வந்தார். அவள் அதே ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஒரு விக்கல் இல்லை. எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கடைசித் துணியைக் காயப்போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மீட்டர் வந்தான். காதும் வந்தார். அக்கா டீ கொண்டுவந்தாள். தையல்காரி உள்ளே மெஷினை நிறுத்திவிட்டு, ஜன்னலருகே நின்று கேட்டாள்.

"கார்புரேட்டர்ல ஒரு பொடித் தூசி தம்பி. கண்ணுக்கே தெரியாது. இந்தக் காதுக்கு மட்டும்தான் கேக்கும். பிடிச்சுட்டேன்."

அவள் வெளியே வந்தாள். "அண்ணே, அந்த ரப்பர்?"

"எந்த ரப்பர்மா?" என்றார் காது, காலி டம்ளரை அக்காவிடம் நீட்டிக்கொண்டே. அக்கா அதை வாங்கியபோது இரண்டு பேரும் அவசரப்படவில்லை.

"சீட்டுக்கு அடியில. உங்க டப்பாவுல இருந்துச்சே. சிவப்பு ரெக்ஸின் ஒட்டிக்கிட்டு."

"டப்பாவுல ஆயிரம் சாமான் கிடக்கும்மா" என்று சிரித்துவிட்டு, கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். கேட்டைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்தது வெறும் நாத்தனார் கோபம் இல்லை, வேறு ஏதோ. அப்போது தெருவுக்கு அது விளங்கவில்லை. "மத்தியானம் அவர் பின்னாடி உக்காந்து ஊர்கோலம் போனாளாம். மாடி வீட்டுக்காரி சொன்னா. அப்ப வண்டி நிக்கலயாம்டா. புருஷன் பின்னாடி உக்காந்தா விக்கல். அடுத்தவன் பின்னாடி உக்காந்தா சிரிப்பு."

மீட்டர் மனைவியைப் பார்த்தான். அவன் எதையெல்லாம் கேட்கலாம் என்று ஒரு வரிசையே அவளுக்குத் தோன்றியது. எங்கே போனாய் என்று கேட்கலாம். என்ன ரப்பர் என்று கேட்கலாம். சீட்டைக் கழற்றிக் காட்டு என்று சொல்லியிருக்கலாம். டேப் சுற்றின வயர் அங்கேதான் இருந்தது, ஸ்பானர் எடுத்தால் முடிகிற வேலை.

"சிரிச்சியா?" என்று கேட்டான்.

"ஆமா. சிரிச்சேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளே மறுபடி சொன்னாள், கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்க்கிற மாதிரி. "நான் கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காந்திருந்தா விக்கியிருக்காது. அவ்வளவுதான் கோளாறு."

"அதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"ஏன் தள்ளி உக்காருறேன்னு நீங்க கேக்கல."

ஞாயிற்றுக்கிழமை அவளை அவள் அம்மா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட அவனே கூட்டிக்கொண்டு போனான், அதே வண்டியில். அவள் அதே ஓரத்தில். மடியில் துணிக்கட்டுக்குப் பதிலாகப் பெட்டி. மருந்துக்கடை ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியபோது, ஒரு தடவையாவது அது விக்கிவிடாதா என்று அவளுக்கு இருந்தது. வண்டி பாடிக்கொண்டு போனது. காது வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்.

அவள் திரும்பி வரவில்லை. அம்மா வீட்டிலும் ரொம்ப நாள் இல்லை. வேறு ஊரில், மோட்டார் சைக்கிளுக்கு சீட் கவர் தைக்கிற கடையில் இருக்கிறாள் என்று, அந்தப் பக்கம் போய் வந்த ஒருத்தர் சொன்னார். வண்டி வந்ததும் அளவெடுப்பதற்கு முன்னால் சீட்டைத் தூக்கி, அடியில் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்க்கிறாளாம். முதலாளிக்கு ஏன் என்று புரியவில்லையாம். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அக்காவும் காதும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். டீயைக் கவனித்து வைத்திருந்த எதிர் மாடிகளுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை, கொஞ்சம் ஏமாற்றம்தான். தையல்காரியை வைத்து வேறு கணக்கு போட்டிருந்தார்கள். அக்கா கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். அவர் வண்டியில் தோளைப் பிடித்து, ஒட்டி உட்கார்ந்துகொண்டு போவாள். தம்பி வீட்டை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று அவள் கேட்பதாகத் தெரியவில்லை.

மீட்டர் தனியாகத்தான் இருக்கிறான். சாயங்காலம் வந்து வண்டியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறான். உள்ளே தள்ளச் சொல்ல ஆள் இல்லை. பின்சீட்டின் கம்பி முழுக்கத் துருப்பிடித்துவிட்டது, இடது ஓரத்தில் ஒரு கை பிடிக்கிற அளவு இடம் தவிர. அங்கே மட்டும் தேய்ந்து தேய்ந்து வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. இந்த மழைக்கு அதன் நடுவிலும் பழுப்பாக ஒரு புள்ளி விழுந்திருக்கிறது.